நாயின் தலைகுனிவு

"தவறு செய்தால் அதற்கே தெரியும், முகத்தைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்" என்று வீட்டில் நாய் வளர்ப்போர் பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் ஒளித்து, கண்ணை வேறுபுறம் திருப்பி நிற்கும் நாய் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது என எண்ணிப் பிரம்பை எடுக்கிறோம். யானும் எடுத்தவனே.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சு, 2009-ஆம் ஆண்டில் 14 வீட்டு நாய்களைக் கொண்டு நடத்திய சோதனையொன்றை வெளியிட்டார். தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று கட்டளையிட்டு, வளர்ப்பவர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பியதும், நாய் அதைத் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படும். சில வேளைகளில் வேண்டுமென்றே பொய் சொல்லப்படும். தின்றதாகக் கேட்டவர் நாயைக் கடிந்துகொள்வார். அந்தக் குற்றமுகமோ, தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் வேறுபடவில்லை; திட்டு வாங்கிய நாய்க்கே மிகுதியாகத் தோன்றிற்று. அதிலும், தின்னாதிருந்தும் திட்டப்பட்ட நாயிடமே மிக அழுத்தமாகக் காணப்பட்டது.

இதனை அறிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆலையில் தறி ஓட்டிய நாளில் ஒருமுறை துணியில் பழுது விழுந்தது. குற்றம் என் தறியில் இல்லை; பாவு வரும்போதே இழை கெட்டிருந்தது. மேஸ்திரி வந்து முழங்கினார். யான் தலைகுனிந்தேன். "பார், ஒப்புக்கொள்கிறான்" என்றார் அவர். கூலியிலும் பிடித்தார்கள். என் தலையைக் குனியவைத்தது குற்றமன்று. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்ற அச்சம். இத்தனையும் பட்டறிந்த யான், பிற்காலத்தில் மகனின் செருப்பு கிழிந்துகிடந்த அன்று, பதுங்கிய நாயை அந்த மேஸ்திரியின் கண்ணாலேயே பார்த்தேன். அடித்தேன். அதன்பின் யான் படியேறும் ஓசை கேட்டாலே அது கட்டிலடியில் நுழைந்துகொண்டது. வீட்டார் அதனை மரியாதை என்றனர்!

"பகவனும் குதிரை பழக்கும் கேசியிடம், மென்மையாலும் கடுமையாலும் மாந்தரைப் பழக்குவதாகச் சொல்லவில்லையா?" என அன்பர் ஒருவர் வினவினார். சொன்னார். ஆயின் அங்கே கடுமை என்பது தீவினையையும் அதன் பயனையும் எடுத்துரைப்பது, கோல் அன்று. சொல்லை உணரும் மாந்தர்க்கு அது பயன்படும். காலையில் கடித்த செருப்புக்காக மாலையில் அடிபடும் நாய் எதனை எதனோடு இணைக்கும்? வருபவரின் காலடியோசையையும் வலியையுமே இணைக்கும்.

செய்த கணமே கிடைக்கும் பரிசைத்தான் நாய் உணரும். அழைத்ததும் வந்தால் உடனே ஒரு துண்டு உணவு, ஓர் இன்சொல்; வீட்டார் அனைவரும் ஒரே சொல்லால் அழைத்தல் வேண்டும். குட்டி உண்டவுடனும் உறங்கியெழுந்தவுடனும் வெளியே கொண்டுசென்றால் தரையை நனைப்பது குறையும். குழந்தையைக் கண்டு நாய் உறுமினால் அடிக்கவே கூடாது. உறுமல் எச்சரிக்கை, அடித்து அதை அடக்கிவிட்டால், எச்சரியாமலே கடிக்கும் நாயை நாமே உண்டாக்கியவராவோம். குழந்தையை விலக்கி, நாய் எதற்கு அஞ்சியது என்று பார்த்தலே தக்கது.

எங்கள் நாயிடம் யான் மன்னிப்புக் கேட்கும் மொழி எனக்குத் தெரியவில்லை. செருப்புகளைப் பரண்மேல் ஏற்றினேன். மாலைதோறும் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து, அதனை நோக்காமல், ரொட்டித் துண்டொன்றை உருட்டிவிட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். பல வாரங்கள் யான் எழுந்து சென்ற பிறகே அது அதனை எடுத்தது. ஒரு மாலை, யான் பக்கம் புரட்டும்போது, முழங்காலருகே மூச்சுக்காற்று பட்டது. யான் அசையவில்லை.