அடியில் ஒட்டு இருக்கா?

கும்பகோணத்தில் என் பெரியப்பா மகன் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். புதுசு விற்பதோடு பழைய பித்தளையை எடைக்கு வாங்குவதும் உண்டு. யாராவது ஓர் அம்மாள் பரணிலிருந்து இறக்கிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தால், அண்ணன் முதலில் தராசைத் தேட மாட்டார். ஆள்காட்டி விரலை மடக்கி அடியில் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் சரி. சத்தம் அடைத்தாற்போல வந்தால், "அடியில ஒட்டு இருக்கேம்மா, ஈயத்துக்குக் கழிச்சுத்தான் போடணும்" என்பார். அந்த அம்மாளும் பெரும்பாலும் சண்டை போட மாட்டார். இருப்பது இருவருக்கும் தெரியும்.

போன வருஷம், 2025 நவம்பரில், அதே கடையில் உட்கார்ந்து ஒரு இன்சூரன்ஸ் ஃபாரத்தோடு நாங்கள் மல்லுக்கட்டினோம்.

அண்ணனுக்கு வயசு ஐம்பத்தொன்பது. எட்டு வருஷமாகச் சர்க்கரை. பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தான். அங்கே ஊழியர்களுக்கென்று மொத்தமாக எடுத்திருந்த மெடிக்கல் பாலிசியில் அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தான். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. பையன் வேலையை விட்டான். அன்றைக்கே அதுவும் போயிற்று. வெளியே வரும்போதே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. மாற்றியிருந்தால், ஏற்கெனவே ஓட்டிய வருஷங்களும் கணக்கில் வந்திருக்கும். அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

பெண் இன்ஜினீயரிங் படிக்கிறாள். காலேஜ் ரசீதில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அது விபத்துக்கு மட்டும். டெங்கு வந்து பத்து நாள் படுத்தால் அதிலிருந்து பைசா பெயராது. ஆனாலும் அந்த வரியைப் பார்த்து அண்ணன் முணுமுணுத்ததில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதி காசிராமன் தெருவில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊர் அது.

சரி, ஃபாரத்துக்கு வருவோம். ஏஜென்ட் பையன் நல்லவன். அண்ணன் கடையில் சின்ன வயதில் வேலை பார்த்தவன். நாலாவது பக்கத்தில் ஒரு கட்டம். நீரிழிவு உண்டா? ஆம், இல்லை.

"அண்ணே, 'இல்லை'ன்னு போட்டுடலாம்ணே. ஆமான்னு போட்டா பிரீமியம் ஏறும், மூணு வருஷம் சுகர் சம்பந்தமா எதுக்கும் க்ளெய்ம் கிடையாது. அஞ்சு வருஷம் தாண்டிட்டா அப்புறம் அவங்க கேக்கவும் முடியாது."

அவன் சொன்னதில் பாதி நிஜம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தை, அதிகபட்சம் மூன்று வருஷம் என்று 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. ஐந்து வருஷம் விடாமல் கட்டிவிட்டால், "அன்றைக்கு நீ இதைச் சொல்லவில்லையே" என்று க்ளெய்மை மறுக்க முடியாது என்றும் விதி செய்தது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கி உண்டு. மோசடி என்று நிரூபித்தால் எத்தனை வருஷம் கழித்தும் மறுக்கலாம். அந்தப் பாதியைப் பையன் விழுங்கிவிட்டான்.

"போட்டுடுங்க தம்பி. ஊர்ல யாரு உள்ளதை எழுதறா?" என்றார் அண்ணி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பொய் தப்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரத்தில் மனசு எப்படிக் கணக்குப் போடுகிறது பாருங்கள். கம்பெனி பெரிசு, அண்ணன் சின்னவர். அவர்கள் வைக்கிற பொடி எழுத்தில் எத்தனை ஒளிவு மறைவு! பையனிடம் அன்றைக்கு யாராவது வாயைத் திறந்தார்களா? அவர்கள் மறைத்தால் நிபந்தனை, நாம் மறைத்தால் மோசடியா? இதையெல்லாம் அண்ணனிடம் அடுக்கினேன்.

கூடவே, படித்த ஞாபகத்தில், ஒரு பழைய வழக்கையும் சொன்னேன். இன்சூரன்ஸில் இரண்டு தரப்பும் முழு நேர்மையோடு பேசவேண்டும் என்ற சட்டம் பெரும்பாலும் 1766-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்ன தீர்ப்பிலிருந்து வருகிறது. சுமத்ராவில், நம்ம ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பிய அதே சுமத்ராவில், பெங்கூலன் என்ற இடத்தில் ஆங்கிலேயருக்கு ஒரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், எதிரி பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு என்று அதற்கு இன்சூரன்ஸ் எடுத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். "கோட்டை பலவீனமானது என்பதை நீ மறைத்தாய்" என்று சொல்லி இன்சூரன்ஸ் கொடுத்தவர் கையை விரித்தார். மான்ஸ்ஃபீல்ட் என்ன சொன்னார் தெரியுமா? நேர்மை இரண்டு பக்கமும் உண்டு. இவர் கவர்னர் என்பதும், அப்போது யுத்தம் நடக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். விசாரித்திருக்கலாம். விசாரிக்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் வந்தபிறகு மறைத்தாய் என்று சொல்லாதே. கார்ட்டருக்குத்தான் ஜெயம்.

"அதாவது அண்ணே, நீங்க தட்டிப் பாக்காம அண்டாவை வாங்கிட்டு, மூணு வருஷம் கழிச்சு அந்தம்மா வீட்டுக்குப் போயி ஒட்டு இருந்துச்சேன்னு சண்டை போடுவீங்களா?"

அண்ணன் சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் தட்டாம வாங்கினா என் தப்புடா. ஆனா நான் 'அடியில ஒட்டு இருக்காம்மா'ன்னு கேட்டு, அவங்க 'இல்லவே இல்ல'ன்னு சொல்லியிருந்தா? இங்கதான் கேட்டிருக்கானே, கட்டம் போட்டு."

எனக்குப் பதில் இல்லை. கார்ட்டரை யாரும் கட்டம் போட்டுக் கேட்கவில்லை. சும்மா இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல.

"இன்னொண்ணு," என்றார். "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போறேன். டூட்டி டாக்டர் எத்தன வருஷமா சுகர்னு கேட்டா எட்டு வருஷம்னுதானே சொல்லுவேன்? உசிரு போறப்ப அவர்கிட்டயும் பொய் சொல்லச் சொல்றியா?" அவர் கேஸ் ஷீட்டில் எழுதுகிற அந்த ஒரு வரியைத்தான் கம்பெனி முதலில் தேடும்.

கம்பெனிக்காரன் பணம்தானே என்று நாம் நினைப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, நோட்டில் பேர் எழுதி மொய் வாங்குவார்கள். வாங்கியவர் திருப்பிச் செய்யவேண்டும். செய்யாதவர் யாரென்று ஊருக்கே தெரியும். இன்சூரன்ஸ் என்பது முகம் தெரியாத மொய். ஆஸ்பத்திரிக்கே போகாதவர் எழுதிய பணத்தைப் போனவர் எடுத்துக்கொள்கிறார். கம்பெனி நடுவில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறது, அதற்குக் கூலியும் எடுத்துக்கொள்கிறது. அண்ணன் பொய் எழுதினால் அதற்கு வருகிற வருஷம் பிரீமியமாகக் கட்டப்போவது ஈரோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிய யாரோ ஒருவர். முகம் தெரியாததால் அது திருட்டாகத் தெரிவதில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒன்று நெருடுகிறது. அதே அண்ணன், அதே சர்க்கரை. பையனின் கம்பெனியில் இருந்தபோது அது யாருக்கும் பொருட்டில்லை. அங்கே நூற்றுக்கணக்கான இளவட்டங்களின் கூட்டத்தில் இவருடைய சர்க்கரை கரைந்துபோயிற்று. அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்திலும் கேட்பதில்லை. 2009-ல் தொடங்கி, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடப்பது அது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கார்டு உண்டு, அங்கேயும் பழைய வியாதிக்குக் கழிவு கிடையாது. அண்ணன் கடையின் வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ரொம்பத் தாண்டவில்லை. மேலேயும் கூட்டம், கீழேயும் கூட்டம். நடுவில் தனியாக நிற்பவனிடம்தான் கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். அவன் கட்டுகிற கூடுதல் பிரீமியம் சர்க்கரைக்கு விலையா, தனியாக வந்ததற்கு விலையா?

அவனிடம் உண்மையைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உண்மை சொல்பவனுக்கு மட்டும் செலவு வைக்கிற ஒரு ஏற்பாட்டை அமைத்துவிட்டு, பொய் சொல்பவனைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அண்ணி சொன்னதில் பேராசை இல்லை. வளையல் அடகுக் கடைக்குப் போன நாட்களின் ஞாபகம் இருந்தது.

அண்ணன் பேனாவை வாங்கி, 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். எந்த வருஷத்திலிருந்து என்ற இடத்தில் 2017 என்று எழுதினார். மாத்திரை பேர் ஞாபகமில்லாமல் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்து, 'மெட்ஃபார்மின்' என்று எழுத்துக்கூட்டினார். ஏஜென்ட் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அதாவது, தட்டிப் பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் வந்தது. பாலிசியும் வந்தது, இரண்டு பேருக்குமாக வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். தனிநபர் பாலிசிக்கான 18 சதவிகித ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22-லிருந்து எடுத்திருந்ததால் இந்த அளவில் நின்றது. சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் மூன்று வருஷம் காத்திருக்கவேண்டும்.

அண்ணி இன்னும் சமாதானமாகவில்லை. "அதுக்குள்ள எதாவது ஒண்ணுன்னா இந்த உண்மையா வந்து பில்லு கட்டும்?" என்று எனக்கு போனில் கேட்டார்.

அண்ணன் இப்போது விடிகாலையில் மகாமகக் குளத்தை நாலு சுற்றுச் சுற்றுகிறார். டிகிரி காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அது காபியே இல்லை என்கிறார். போன வாரம் பேசியபோது கணக்குச் சொன்னார்: "2028 மாசியில மகாமகம். அது நல்லபடியா முடிஞ்சு, இன்னொரு எட்டு ஒம்போது மாசம் ஓட்டிட்டேன்னா போதும்டா."