போதகரைச் சோதிப்பது பாவமா?

கென்யாவின் கடற்கரை நகரமான மாலிந்தியிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகப் போனால் ஷகஹோலா காடு வரும். 2023 ஏப்ரலில் அங்கே போலீசார் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஆழமில்லாத குழிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிள்ளைகளும் பெரியவர்களும் கிடந்தார்கள். மாதக்கணக்கில் தோண்டினார்கள். எடுத்த உடல்களின் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது. பெரும்பாலோர் பட்டினியால் இறந்திருந்தார்கள். சிலர் கழுத்து நெரிக்கப்பட்டும் மூச்சு அடைக்கப்பட்டும் செத்திருந்தார்கள்; அவர்களில் குழந்தைகளும் உண்டு.

இறந்தவர்கள் வேதம் வாசித்தவர்கள், ஜெபித்தவர்கள், காணிக்கை கொடுத்தவர்கள். உலகம் முடியப்போகிறது, அதற்கு முன்பே உபவாசித்து உயிரை விட்டால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டது. போதித்தவர் பால் நெதங்கே மக்கென்சி. டாக்சி ஓட்டிக்கொண்டிருந்து போதகரானவர். ‘குட் நியூஸ் இன்டர்நேஷனல்’ என்ற சபையை நடத்தியவர். குற்றச்சாட்டுகளை அவர் நீதிமன்றத்தில் மறுத்தார். சட்டம் தன் வேலையைப் பார்க்கட்டும். திருச்சபையின் முன் இருக்கும் கேள்வி வேறு. இத்தனை பேர், வேதம் கையில் இருக்கும்போதே, எப்படி ஏமாந்தார்கள்?

அது ஏதோ புத்தி பேதலித்த கூட்டம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் செய்த பிழை, மற்ற சபைகளில் பக்தி என்று புகழப்படுகிற பிழைதான். ஊழியக்காரர் சொன்னார், கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தார்கள். போதிப்பவரைச் சோதித்தறிவது விசுவாசத்துக்கு எதிரானது என்ற எண்ணம் சபைகளில் வேரோடியிருக்கிறது. உண்மையில் சோதித்தறிவது வேதம் இட்ட கட்டளை. ‘என்னைச் சோதிக்காதே’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் கையால் எத்தனை நோயாளிகள் எழுந்து நடந்தாலும், அந்த ஒரு வார்த்தை போதும் அவரைவிட்டு விலகுவதற்கு.

வஞ்சகம் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. 2003-இல் தொடங்கிய மக்கென்சியின் சபை முதலில் மற்றச் சபைகளைப் போலத்தான் இருந்தது. கடைசிக்காலப் பிரசங்கங்கள் தொலைக்காட்சி வரை போயின. பிறகு, பள்ளிப் படிப்பு வேதத்தில் இல்லை என்றார். 2017-இல் அதற்காகவே அவர்மேல் வழக்கு வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்றார். அரசு குடிமக்களுக்கு ‘ஹுதுமா நம்பா’ என்ற அடையாள எண் கொடுக்க முனைந்தபோது, அது மிருகத்தின் முத்திரை என்றார். 2019-இல் சபையை மூடிவிட்டுக் காட்டுக்குப் போனார். பின்தொடர்ந்தவர்கள் வேலையை விட்டு, சொத்தை விற்று, அங்கே குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குப் பெத்லகேம், நாசரேத் என்றெல்லாம் பெயர். உபவாசம் கடைசியில்தான் வந்தது.

இந்த வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் விலக்கப்பட்டார். முதலில் ஆசிரியர், பிறகு மருத்துவர், பிறகு அரசு அலுவலர், பிறகு அண்டை வீட்டுக்காரர், கடைசியில் கூடப் பிறந்தவர்கள். ஒவ்வொரு விலக்கலுக்கும் ஒரு வசனம் கையில் இருந்தது. காட்டுக்குள் போன பிறகு அவர்களுக்குக் கேட்டது ஒரே ஒரு குரல்.

இதைத்தான் வேதம் ஆதிமுதல் எச்சரிக்கிறது. உபாகமம் 13-ஆம் அதிகாரம், அடையாளமோ அற்புதமோ காட்டி, சொன்னதும் அப்படியே நடந்துவிட்டாலும், அந்தத் தீர்க்கதரிசி உன்னைத் தேவனைவிட்டு வழிவிலக்கினால் அவனுக்குச் செவிகொடாதே என்கிறது. அற்புதம் சான்றாகாது என்று மோசேயின் காலத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. அதே புத்தகத்தின் 18-ஆம் அதிகாரம், கர்த்தரின் நாமத்தில் சொன்னது நிறைவேறாமல் போனால் சொன்னவனுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறது. எரேமியாவின் காலத்தில் அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லோர் முன்னும் நின்று, இரண்டே ஆண்டில் விடுதலை என்றான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதை அவன் சொன்னான். அவ்வருஷமே அவன் செத்தான். பாபிலோன் அடிமைத்தனம் தலைமுறைகளுக்கு நீண்டது. இயேசுவும் கடைசிக்காலத்தைப் பற்றிப் பேசும்போது, கள்ளத்தீர்க்கதரிசிகள் பெரிய அடையாளங்களைச் செய்வார்கள், தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் தடுமாறக்கூடிய அளவுக்குச் செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படாத ஒரு சம்பவம் 1 இராஜாக்கள் 13-இல் இருக்கிறது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு ஒரு தேவனுடைய மனுஷன் அனுப்பப்படுகிறான். அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்பது அவனுக்கு வந்த வார்த்தை. ராஜா விருந்துக்கு அழைத்தபோது மறுத்துவிட்டான். வழியில் ஒரு கர்வாலி மரத்தின்கீழ் உட்கார்ந்திருந்தவனிடம் ஊர்க் கிழவன் ஒருவன் வந்தான். நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், உன்னை வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பாடு போடும்படி தேவதூதன் சொன்னான் என்றான். அது பொய் என்று வேதமே சொல்கிறது. இவன் நம்பிப் போய்ச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ராஜாவின் அதிகாரத்தை எதிர்த்து நின்றவன், நரைத்த தலைக்கும் தூதன் என்ற சொல்லுக்கும் விழுந்துவிட்டான். எதிரியிடம் இருந்த விழிப்பு ஊழியக்காரரிடம் இல்லாமல் போயிற்று.

புதிய ஏற்பாட்டில் இது இன்னும் தெளிவு. பெரேயா பட்டணத்து யூதர்கள் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை எடுத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலனையே சரிபார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. பவுல் கோபித்துக்கொண்டதாக ஒரு வரி இல்லை. கோபிப்பதென்ன, கலாத்தியருக்கு எழுதும்போது, நானே வந்து வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும், வானத்துத் தூதனே சொன்னாலும் சபிக்கப்பட்டவனாயிருக்கட்டும் என்று தன்னையும் அந்தச் சோதனைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். ஆவிகளைச் சோதித்தறியும்படி யோவான் தம் நிருபத்தில் எழுதியது விசுவாசிகள் அனைவருக்கும்தான். போதகர் குழுவுக்கென்று அவர் அதை ஒதுக்கவில்லை. பேதுரு ஒரு படி மேலே போய், பொருளாசையால் தந்திரமாய்ப் பேசி விசுவாசிகளையே ஆதாயப் பொருளாக்குவார்கள் என்று பணத்தின் பக்கம் விரலை நீட்டுகிறார்.

ஆதித் திருச்சபை இதை நடைமுறையாகவே வைத்திருந்தது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுந்த ‘திதாக்கே’ என்ற சிறு நூல், ஊர்ஊராக வரும் தீர்க்கதரிசிகளை எப்படி நடத்துவது என்று சொல்கிறது. ஆவியில் பேசுகிறபோது அவரைச் சோதித்து நியாயந்தீர்க்க வேண்டாம் என்று மரியாதை கற்பிக்கும் அதே நூல், அவர் நடத்தையைக் கொண்டு அவரைக் கண்டுகொள் என்கிறது. மூன்று நாள் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அன்றைய அப்பத்துக்கு மேல் பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவியில் பேசிப் பந்தி வைக்கச் சொல்லி, அதில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஏழைகளுக்காகக் கேட்டால் மட்டும் குற்றம் சொல்லாதே. இந்த அளவுகோலை இன்றைய கன்வென்ஷன் மேடைகளில் வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதைப் படிப்பவர்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் கசியான் எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் உரையாடல்களை எழுதிவைத்தார். அதில் ஹெரோன் என்ற முதியவரின் கதை வருகிறது. ஐம்பது ஆண்டு பாலைவனத்தில் தவம் இருந்தவர். உபவாசத்தில் அத்தனை கடுமை. உயிர்த்த ஞாயிறன்றுகூடச் சகோதரர்களோடு பந்தியில் உட்காரமாட்டார், கொஞ்சம் பருப்பு வாயில் பட்டால் தன் நியமம் தளர்ந்ததாகிவிடுமே என்று. சாத்தான் ஒளியின் தூதனாக வந்து, உன் புண்ணியத்துக்கு எந்த ஆபத்தும் உன்னை அணுகாது, கிணற்றில் குதித்துப் பார் என்றான். நடுராத்திரியில் குதித்தார். அரை உயிராக இழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் செத்தார். சாகும்வரை தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளவில்லை. ஷகஹோலாவில் மீட்கப்பட்ட பிறகும் சாப்பிட மறுத்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது இந்த முதியவர்தான் நினைவுக்கு வருகிறார். உபவாசம் எத்தனை கடுமையானாலும், பகுத்தறிதல் இல்லாவிட்டால் அது காப்பாற்றாது. பகுத்தறிதலே எல்லாப் புண்ணியங்களுக்கும் தாய் என்பதே அந்த உரையாடலின் முடிவு. பதினாறாம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியாரும் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு விதி வைத்தார்: தீய ஆவி எப்போதும் இரகசியத்தை விரும்பும், நல்ல ஆன்ம குருவிடம் திறந்து சொன்ன கணத்திலேயே அதன் சூழ்ச்சி உடைந்துபோகும்.

வேதத்தோடு தமிழ் அறநூலும் இங்கே ஒரே குரலில் பேசுகிறது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஒரு முழு அதிகாரமே எழுதினார். ஆராயாமல் ஒருவனை நம்புவது தீராத துன்பம் தரும் என்றார். கூடாவொழுக்கத்தில், தவவேடத்துக்குள் ஒளிந்து தீமை செய்பவனைப் புதருக்குப் பின்னால் பதுங்கிப் பறவை பிடிக்கும் வேடனோடு ஒப்பிட்டார்.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் சபை வளராது. தெளிந்து ஏற்றவரிடம் பிறகு ஐயுறுவதும் துன்பம் என்று வள்ளுவரும் சேர்த்தே சொன்னார். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வசனத்தைக் கேடயமாகப் பிடிப்பவர்கள், தாவீது என்ன செய்தான் என்பதையும் வாசிக்க வேண்டும். அவன் சவுலின்மேல் கைபோடவில்லை. ஆனால் எதிர் மலையில் நின்று, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று எல்லோரும் கேட்கச் சத்தமிட்டுக் கேட்டான். நியாயந்தீர்க்காதிருங்கள் என்று தொடங்கும் மத்தேயு 7-ஆம் அதிகாரத்திலேயே, ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைக் கனிகளால் அறியச் சொல்லும் வசனமும் இருக்கிறது. முதல் வசனத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது வாசிப்பு ஆகாது.

நாள் குறிப்பவர்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று வானொலியில் அறிவித்தார். நம்பியவர்கள் சேமிப்பைக் கரைத்தார்கள். அடுத்த ஆண்டு, நாள் குறித்தது பாவம் என்று கேம்பிங்கே எழுதினார். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13-இல் இருக்கும்போது, தேதி சொல்லும் எவரிடமும் மறுவாரம் போய் உட்கார வேண்டியதில்லை.

ஆனால் பெரியவர்கள் சேமிப்பைத் தொலைப்பது ஒன்று; பிள்ளையின் சோற்றைப் பிடுங்குவது முற்றிலும் வேறு. ஷகஹோலாவிலிருந்து தப்பி வந்தவர்கள், பட்டினியில் குழந்தைகளுக்கே முதல் முறை வைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தலைவர்களின் முறை கடைசியில். 2024-இல் மக்கென்சியின் மீதும் அவருடன் இருந்தவர்கள் மீதும் 191 குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. எந்தக் குழந்தையும் தன் விசுவாசத்தால் உபவாசிக்கவில்லை. தாயின் விசுவாசத்துக்காகப் பிள்ளை பட்டினி கிடந்தது. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்தப்படுவது நலம் என்று சொன்னவரின் பெயராலேயே இது நடந்தது.

கென்ய அரசு இதற்குப் பிறகு மத அமைப்புகளை ஒழுங்குபடுத்த வழி காணக் குழு அமைத்தது. மத சுதந்திரம் போய்விடுமே என்ற கவலையும் எழுந்தது. இரண்டுமே பேச வேண்டியவைதான். ஆனால் மக்கென்சி சிறையில் இருந்த 2025-இலேயே, ஷகஹோலாவுக்கு அருகில் க்வா பின்சாரோ என்ற இடத்தில் மறுபடியும் 30-க்கு மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. ஒரு மனிதனைச் சிறையில் அடைத்து இது நிற்கவில்லை. சட்டமும் தனியாக இதை நிறுத்தாது. மாலிந்தி போலீசுக்கு முன்கூட்டியே எச்சரிக்கைகள் போயிருந்தும் அவர்கள் கடமை தவறினார்கள் என்று நாட்டின் மனித உரிமை ஆணையமே குறை சொன்னது. போலீஸ் வருவதற்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் சபையார்தான். பிரசங்கத்தில் சொன்ன வசனத்தின் முழு அதிகாரத்தையும் வீட்டில் எடுத்து வாசிக்கிறவர்கள், காணிக்கைக் கணக்கைக் கூட்டத்தில் கேட்கிறவர்கள், விசுவாசம் இல்லாத அண்ணனையும் தம்பியையும் விட்டுவிடாதே என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறவர்கள் அவர்கள். இரண்டு வாரமாக ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கும் வரவில்லை, ஆலயத்துக்கும் வரவில்லை என்றால், போதகரிடம் அனுமதி கேட்காமல் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான்.