அடைக்கலமாக வந்த ரகசியம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலைக்கு வாடிக்கையாளர் அனுப்பும் உதிரிபாக வரைபடம் வெறும் கோப்பல்ல, அடைக்கலப் பொருள். அதைக் காக்கும் ஆர்எஸ்ஏ போன்ற இன்றைய டிஜிட்டல் பூட்டுகளை வலிமையான குவாண்டம் கணினி உடைத்துவிடும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டினார். பூட்டிய கோப்பை இன்றே திருடி வைத்து, அந்தக் கணினி வரும் நாளில் திறக்கலாம். "இன்னும் வராத இயந்திரத்துக்கு இப்போதே செலவா?" என்பது நியாயமான கேள்விதான், சிறு பட்டறைக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிது. ஆனால் காப்பேன் என்று கொடுத்த வாக்கு அந்த ரகசியத்தின் ஆயுள் முழுவதற்கும் உரியது. வருமுன் காப்பதை வள்ளுவர் அறிவுடைமையில் சேர்த்தார். பிறர் பொருள் கையில் இருக்கும்போது அது அறமும்கூட.

தொடங்குவதற்குக் குவாண்டம் கணினி வேண்டாம். எந்தக் கோப்பு பத்தாண்டு காக்கப்பட வேண்டும், எந்த மென்பொருள் அதைப் பூட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய பூட்டுகளுக்கான தரவிதிகளை அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அந்தப் பூட்டுகள் உங்கள் மென்பொருளில் எப்போது வரும் என்று அதை விற்றவரிடம் கேளுங்கள்.