நோட்டில் ஏறாத கடன்

கஷ்டப்பட்ட பிள்ளைதான் முன்னுக்கு வரும் என்று மேடையில் பேசுகிறார்கள். ஆசிரியர் தின விழாக்களில் என்னையும் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் கஷ்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது மண்டகப்பட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். செங்கல் சூளையில் விடும். என்னைவிடக் கெட்டிக்காரனான என் அண்ணனை அங்கேதான் விட்டது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் எங்கள் பக்கமெல்லாம் மல்லாட்டை. ஏரியில் தண்ணீர் நின்றால் நெல். அப்பாவின் வைத்தியத்துக்கு வாங்கிய கடன் அவர் போன பிறகும் நின்றது. அதை அடைக்க அம்மா சூளையில் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் ஜோடியாகப் போக வேண்டும். அம்மாவோடு அண்ணன் போனான். பொங்கல் கழிந்து கிளம்பினால் மழைக்காலம் தொடங்கும்போதுதான் ஊர் திரும்ப முடியும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கழித்தது போக மிச்சமிருக்கும் முன்பணம் அடுத்த வருடக் கணக்கில் ஏறும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. முன்பணம் இன்னும் வீடு தேடி வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் போகாமல் நின்றதற்கு எதிர்வீட்டு ஆயாதான் காரணம். சொந்தம் என்று சொல்ல முடியாது. மூட்டை கட்டும்போது வந்து, "சின்னத எதுக்கு இட்டுனு போற? இங்க கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றது. களையெடுக்கப் போனால்தான் அதற்கே கஞ்சி. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு, ராத்திரி ஆயா வீடு என்று நாள் ஓடியது.

சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு வழியில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சத்துணவு சமைக்கிற அக்கா எப்படியோ தெரிந்துகொண்டார். "ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆளில்ல, வரியாடா?" என்று கூப்பிடுவார். ஒரு கட்டு ஒடித்துப் போட்டதும் தட்டில் சோறு வைப்பார். அதை வேலைக்குக் கிடைத்த சோறு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தழை ஒடிக்க அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் உறைத்தது. கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கிய நோட்டுப் புத்தகங்களும் அப்படித்தான். ஊர் திரும்பிய அம்மா பணத்தோடு போனபோது, அப்படி ஒரு கணக்கே தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

இது எங்கள் ஊருக்கு மட்டுமே உள்ள குணம் இல்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு பரவியபோது ஊரார் தந்த அரிசியும் பருப்பும் அதில் இருந்தன. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்மக்கள் பள்ளிகளுக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு. காமராசரும் சின்ன வயதில் தகப்பனை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நான் ஏன் வாத்தியாரானேன் என்று கேட்டால் பெரிய லட்சியம் எதையும் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்றால் சோறு நிச்சயம், அடி கிடையாது, என்னை யாரோ எதிர்பார்ப்பார்கள். அந்த இடத்தை விட்டுப் போக மனசில்லை.

ஒருமுறை என் வகுப்பை எங்கள் ஊர்க் குடைவரைக்குக் கூட்டிப்போனேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் எடுத்தது என்று அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அதை விளக்கியபோது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "செங்கல்லே இல்லாமயா சார்?" என்றான். சூளையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்புறம் அவனாகவே சொல்ல ஆரம்பித்தான்: மண்ணைக் குழைத்து ஊறவிடுவது, ஒட்டாமல் இருக்க அச்சில் மணல் தூவுவது, காயக் காயக் கல்லைத் திருப்பிப் போடுவது. மழைத் தூறல் விழுந்தால் அத்தனை உழைப்பும் கரைந்துபோகும் என்றபோது பெரிய ஆள் மாதிரிப் பேசினான். வாயிற்காவலர் சிலைக்குக் கீழே உட்கார்ந்து எல்லோரும் கேட்டார்கள். எத்தனை மாதம் இருந்தாய், எவ்வளவு முன்பணம் என்று நான் கேட்கவில்லை. சோற்றுக்கு முன்னால் ஒரு பிள்ளையைத் தன் கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. அதைத் தழை ஒடிக்கக் கூப்பிட்ட அக்காவிடம் கற்றேன். இப்போது நோட்டுப் புத்தகம் கொடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். என் வகுப்பில் அதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. கொடுப்பவருக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்தப் படத்தில் தலை குனிந்து நிற்கும் பிள்ளைக்காக நான் பேசியாக வேண்டும்.

மார்கழி கடைசியில் வீடு வீடாகப் போவேன். படிப்பு முக்கியம் என்று அம்மாக்களிடம் பேசுவதில்லை. அது அவர்களுக்குத் தெரிந்ததுதான். ராத்திரி பிள்ளை எங்கே படுக்கும், யார் சோறு போடுவார் என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் பக்கத்து வீடுகளில் கேட்கிறேன், விடுதியில் இடம் கேட்கிறேன். சில வருடம் யாராவது ஒரு ஆயா கிடைக்கிறார். கிடைக்காத வருடம், சூளை எந்த ஊரில் என்று விசாரித்து அங்குள்ள தலைமையாசிரியருக்குப் போன் செய்கிறேன். வருடம் பாதி போன பிறகு எப்படிச் சேர்ப்பது, மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எந்த மாதமும் சேர்க்கலாம், சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது என்று எடுத்துச் சொல்கிறேன்.