‘மிக நீண்ட நேரம்’ என்றால் எவ்வளவு?

1991 பிப்ரவரி 25. சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கூடத்தின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். காவலுக்கு நின்ற பேட்ரியாட் அமைப்பு அதைத் தடுக்க எதையும் ஏவவில்லை.

பல்கலைக்கழகத்தில் இதைக் கணக்குப் பிழையாகத்தான் படித்தோம். பத்தில் ஒரு வினாடியை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டினால் துளி மிச்சம் விடுபடும். 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளி சேர்ந்து மூன்றில் ஒரு வினாடியானது. ரேடார் அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளி, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரிவுரையாளர் சொல்லாத பகுதியைப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத் தணிக்கை அறிக்கையில் படித்தேன். பிப்ரவரி 11ஆம் தேதியே இஸ்ரேலிலிருந்து தகவல் வந்துவிட்டது: 8 மணி நேரம் ஓடினால் ரேடாரின் பார்வை 20 விழுக்காடு நகர்கிறது. 21ஆம் தேதி திட்ட அலுவலகம் எல்லாப் படைப்பிரிவுக்கும் எச்சரிக்கை அனுப்பியது: ‘மிக நீண்ட நேரம்’ ஓட்டினால் சிக்கல் வரலாம். எத்தனை மணி என்று அதில் இல்லை. அணைத்துப் போட்டிருந்தால் கடிகாரம் சரியாகியிருக்கும். ஒன்றரை நிமிட வேலை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி.

யார் குற்றம்? வடிவமைத்தவர்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறும் கருவி என்று நினைத்துச் செய்தார்கள். அலுவலகம், இவ்வளவு நேரம் யாரும் ஓட்ட மாட்டார்கள் என்று நம்பியது. ஓட்டியவர்களுக்கோ அளவே தெரியாது. இப்படிப் பங்கு போட்டால் கடைசியில் யார் கையிலும் எதுவும் மிஞ்சாது. ‘எல்லாரும் பொறுப்பு’ என்பது பாதி நேரம் ‘யாரும் பொறுப்பில்லை’ என்பதன் நாகரிக வடிவம்.

எனக்கு உறுத்துவது அந்த ஒரு சொல். 8 என்ற எண் கையில் இருந்தும் ‘மிக நீண்ட’ என்று எழுதுவது வெறும் சோம்பலா? ஏன் அப்படி எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் எழுதினேன் என்று தெரியும்.

போன வருடம் ஒரு பம்பை ஒப்படைக்கும் குறிப்பில், ‘அதிக நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டாம்’ என்று போட்டேன். மறுநாள் அங்குள்ள டெக்னீஷியன் அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, அதிக நேரம்னா எவ்ளோ? என் ஷிப்டே பன்னெண்டு மணி நேரம்.”

சோதனையில் ஆறு மணி நேரத்தில் பேரிங் சூடானதை நான் பார்த்திருந்தேன். எண்ணைப் போட்டால், அது தப்பானால் என்னைக் கேட்பார்கள். மங்கலாக எழுதினால் எச்சரித்ததாகவும் ஆகும், மாட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஆபத்தை அவரிடம் தள்ளிவிட்டேன், அதை அளக்கும் கோலை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

“ஆறு மணிண்ணே,” என்றேன்.

குறிப்பையும் திருத்தினேன். எண்ணுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. தப்பானால் என்னைக் கேட்கட்டும்.