யாருக்கு லீவு?

ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்த வருடத்துக்கான அரசு விடுமுறைப் பட்டியல் வெளியாகும். வந்த அரைமணி நேரத்தில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். எது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாய்ப் போகிறது, எது வியாழக்கிழமை வருகிறது, வெள்ளிக்கு ஒரு சி.எல். போட்டால் நாலு நாளாகுமா என்றெல்லாம் கணக்கு ஓடும். 2025-இல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2 அன்றே வந்து தொலைத்தபோது, 'ஒரு லீவு போச்சே' என்று அங்கலாய்த்தவர்களில் சரஸ்வதியையும் நம்பாத, காந்தியையும் ஏற்காத என் தோழர்கள் சிலரும் உண்டு.

லீவைத் திட்டமிடுவதில் தவறில்லை. அரசே அதைச் செய்கிறது. 2024-இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வசதியாக நவம்பர் 1 வெள்ளியையும் விடுமுறையாக்கி, அதற்கு ஈடாக 9-ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கினார்கள். அரசு அலுவலகம், பள்ளி, கல்லூரி, பொதுத்துறை நிறுவனம் என்று அந்த அறிவிப்பில் இருந்தவர்களுக்கு நாலு நாள் கிடைத்தது. இல்லாதவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பகுத்தறிவு மேடையில் இது பற்றி எழும் வழக்கமான கேள்வி, மதச்சார்பற்ற அரசு சாமிக்கெல்லாம் எதற்கு லீவு விடுகிறது என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவருக்கு ஒரு செலவும் வைக்காத கேள்வி. விநாயகர் சதுர்த்திக்கு லீவு கூடாது என்று பேசிவிட்டு, அதே நாளில் ஏற்காட்டில் அறை போட்டுக்கொள்ளலாம். அந்த நாளில் யாருக்குக் கூலி வருகிறது, யாருக்கு வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளையார் அல்ல, நாம்.

நாம் ஆளுக்கு ஆள் பகிரும் அந்தப் பட்டியலின் சட்டப் பிறப்பிடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். உண்டியலும் கடன்பத்திரமும் கெடு முடிகிற நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கெடு முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது அதன் 25-ஆம் பிரிவு. பொது விடுமுறை எது என்று அறிவிக்கும் அதிகாரமும் அங்கேயே இருக்கிறது. ஆக, சட்டம் முதலில் கவலைப்பட்டது காகிதத்தைப் பற்றி. இன்றும் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக இருக்கிறது. பேரேட்டுக்குக்கூட ஒரு நாள் ஒதுக்கியாயிற்று.

மனிதனின் ஓய்வு போராடி வாங்கப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று 1884-இல் கூட்டம் போட்டு, ஏறக்குறைய 5,500 பேரின் ஒப்பத்தோடு மனு கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்துக்காரர். 'தீனபந்து' பத்திரிகையை நடத்தியவர். ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கியது 1890 ஜூன் 10 அன்று. ஞாயிறு கண்டோபா சாமியின் கிழமை, அதற்காகவாவது லீவு விடுங்கள் என்று அவர் வாதாடியதாக மராத்தியத் தொழிலாளர் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். புரோகிதத்தை எதிர்த்த இயக்கத்தின் ஆள் சாமியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்! எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. தொழிலாளி தன் பெயரால் ஓய்வு கேட்டால் சோம்பேறி என்பார்கள். சாமி பெயரால் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். நம் சென்னையில் 1923 மே 1 அன்று கடற்கரையில் மே தினக் கொடியேற்றிய சிங்காரவேலருக்கும் நாத்திகம் என்பது கூலியோடு சேர்ந்த விஷயம்தான். பிற்பாடு வந்த நாம்தான் கூலியை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

தனியார் தொழிலாளிக்குப் பிடிமானம் 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், கலந்துபேசி முடிவு செய்யும் ஐந்து பண்டிகை நாளும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். கடைசி வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போன புடவைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் விற்பனைப் பெண் கிளம்ப முடியும். அவள் ஊர் தெற்கே இருந்தால் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, விடிகாலை எண்ணெய்க் குளியல் நேரத்தில் எங்கோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பாள். அவள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே 2021-இல் தனியாகச் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது.

சித்தாளுக்கும் பெயிண்டருக்கும் இந்தச் சம்பள விடுமுறையும் இல்லை. பொங்கலுக்குக் கட்டட வேலை நாலு நாள் நின்றால் நாலு நாள் கூலி இல்லை. அவர்களுக்கு நம் தொடர் விடுமுறை என்பது தொடர் வருமான இழப்பு. 'அதெப்படி, வேலை செய்யாத நாளுக்குத் தினக்கூலிக்காரனுக்குப் பணம் கொடுக்க முடியுமா?' என்று கேட்பவர்கள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவைப் படிக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை. வேலை செய்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும் அன்றைய கூலி கொடுத்தாக வேண்டும். மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொகை அற்பம்தான். ஆனால், முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவன் விரலில் மை வைக்க வேண்டிய அன்று அரசுக்கு வாசகம் சரளமாக வருகிறது. அவன் பிள்ளைகளோடு பொங்கல் வைக்க வேண்டிய அன்று அதே வாசகம் வர மறுக்கிறது.

அரசைத் திட்டியாயிற்று. இனி வீட்டுக்குள் வருவோம். நம் சமையலறை தொழில் நிறுவனம் இல்லை என்பதால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வாசலிலேயே செருப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோடு நடப்பது இது.

"அக்கா, பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வரேன்."

"நாலு நாளா? ஊர்ல என்ன வெள்ளாமையா பாக்குறே? விருந்தாளிங்க வர்ற நேரம். காலைல மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

இதைச் சொல்பவர் ஈவு இரக்கமில்லாதவர் அல்ல. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்தனுப்புபவர். அதே வீட்டில் மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பி, பத்து நாள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்ததும் பத்து நாள் சம்பளத்தைப் பிடிப்பார்கள். 'நாங்கதான் ஊர்லயே இல்லையே, வேலையே இல்லையே' என்று காரணம் சொல்வார்கள். அவள் வரத் தயாராக இருந்தாள், கதவுதான் திறக்கவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்ததற்காக நம் சம்பளத்தில் கை வைத்தால் யூனியனைக் கூட்டியிருப்போம். நம் சுற்றுலாச் செலவில் ஒரு பங்கை அவள் தலையில் கட்டிவிட்டு, அதைக் கணக்கு என்கிறோம்.

ஒன்பது நாள். ஆலைக்குச் சட்டம் சொன்ன அதே ஒன்பதை, சட்டம் கேட்காமலே, ஜனவரியில் எழுதிக் கொடுத்துவிடலாம். நான்கு தேசிய நாள், அவள் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள். அந்த ஐந்தில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள் இருக்கலாம், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் இருக்கலாம். பகுத்தறிவாளர் வீட்டு வேலை என்பதற்காக அவளுடைய சாமியை நாம் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. நாம் ஊருக்குப் போகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு முழுச் சம்பளம்.

'ஏற்கெனவே சொல்லாம கொள்ளாம லீவு போடுறா, இதுல இது வேறயா?' என்ற முணுமுணுப்பு கேட்கிறது. முன்கூட்டிச் சொன்னால் பேரம் நடக்கும், கூலி வெட்டு விழும். காய்ச்சல் என்று பிறகு சொன்னால் அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள். இதை அவள் அனுபவத்தில் கற்றிருக்கிறாள். மேனேஜரிடம் லீவு வாங்க எப்போதோ செத்துப்போன பாட்டியை மறுபடி மறுபடி சாகடித்தவர்களுக்கு இது புரியாத தந்திரமா என்ன?