யாரோடாவது வந்துகொண்டிருப்பான்

திருக்குடும்ப விழா மறையுரை, ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்



உங்களில் பலர் வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழாவுக்கோ போய்ச் சேரும்படி காவி உடுத்திக் கிளம்பும் குழுவில் குழந்தைகள் எப்படி நடப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் முன்னால் போகிற சித்தப்பாவோடு, கொஞ்ச தூரம் பின்னால் வருகிற அத்தையோடு, நடுவில் மாதா சுரூபம் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு. "பையன் எங்கே?" என்று யாராவது கேட்டால், "யாரோடாவது வந்துகொண்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு நடப்போம். இரவு தங்குமிடத்தில் பாய் விரிக்கும்போதுதான் தலையை எண்ணுவோம்.

இன்று வாசித்த லூக்கா நற்செய்தியில் மரியாவும் யோசேப்பும் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க நடந்தார்கள். பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து நாசரேத்துக்குத் திரும்பும் கூட்டம் அது. பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் எங்கோ இருக்கிறான் என்று நம்பினார்கள். அவர்கள் கவலையற்ற பெற்றோர் என்று நாம் சொல்ல முடியாது. அவர்களைவிட நல்ல பெற்றோர் யார்? உறவினர்கள் கெட்டவர்களா? இல்லை. கோவிலில் இருந்த போதகர்கள் கெட்டவர்களா? அவர்களும் இல்லை. நல்லவர்களே நிறைந்த இடத்தில்தான் ஒரு பிள்ளை காணாமல் போனான். வீட்டார் கூட்டத்தை நம்பினார்கள். கூட்டத்தார் வீட்டை நம்பினார்கள். இந்த இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளியை இந்த ஆண்டு நான் கண்ணால் பார்த்தேன். பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம்.

நம் ஆர்.எஸ்.புரத்துப் பேக்கரி ஒன்றில் நான் காலையில் டீ குடிப்பது வழக்கம். கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், நம் கோவில் வாசலை மிதித்ததில்லை. ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே, "ஏனுங் சாமி, உங்க கோயில் பையன் ஒருத்தன் தெனமும் பத்து மணிக்கு யூனிபார்மோட வந்து அந்த மூலையில உக்காந்துக்கறான். கழுத்துல செபமாலை போட்டிருக்கான். மொத நாள் பசிக்குதோன்னு ஒரு தேங்காய் பன்னு குடுத்தனுங்க. மூணா நாளும் வந்தான். பள்ளிக்கூடம் போலியா கண்ணுன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிட்டான்" என்றார்.

தேடிப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு. பன்னிரண்டு வயது, இன்றைய நற்செய்தியின் அதே வயது. மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவான், மாலையில் சரியான நேரத்துக்குத் திரும்புவான்.

அம்மா இங்குள்ள இரண்டு அடுக்ககங்களில் சமையல் வேலை செய்கிறவர். அப்பா பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் லோடு ஓட்டுகிறவர். பிள்ளை வரவில்லை என்று பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி போகத்தான் செய்தது. போனது அப்பாவின் கைப்பேசிக்கு. அவர் அந்நேரம் வாளையாறு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை என்பது அந்தக் குழுவை நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை.

அம்மா, வகுப்பு ஆசிரியை, நான் மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா சொன்னார்: "பள்ளிக்கூடத்துல சேத்தியாச்சு, இனி டீச்சருக பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டனுங்க சாமி." ஆசிரியை சொன்னார்: "வீட்ல ஏதோ பிரச்சினை, அவங்களே பார்த்துப்பாங்கன்னு நினைச்சோம் ஃபாதர்." நான் மறைக்கல்வி வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று ஞாயிறும் அவன் பெயருக்கு நேரே கோடு. அந்த மூன்று ஞாயிறும் அவனுடைய அம்மா பூசைக்கு வந்து நற்கருணை வாங்கிப் போயிருக்கிறார், நான்தான் கொடுத்தேன். "பையன் எங்கேம்மா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாரோடாவது வந்துகொண்டிருப்பான் என்று நானும் நினைத்திருக்கிறேன்.

ஏன் போகவில்லை என்று அவனிடம் கேட்டோம். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "வாசிக்கச் சொல்றாங்க" என்றான். அவ்வளவுதான். தமிழ்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்க அவனுக்கு வராது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகவேண்டிய அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவன் வீட்டில் இருந்தான், வீட்டிலும் பகலில் யாரும் இல்லை. பிறகு ஒவ்வொரு வகுப்பாக ஏறி வந்துவிட்டான். அவனுக்கு வாசிக்க வராது என்பது ஆசிரியைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அவன் பகலெல்லாம் தனியாக வளர்ந்தவன் என்பது அம்மாவுக்குத் தெரியும், ஆசிரியைக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே பெஞ்சில் வைத்தபோதுதான் அந்தப் பிள்ளை முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தான்.

நற்செய்திக்குத் திரும்புவோம். பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் மரியாவும் யோசேப்பும் என்ன செய்தார்கள்? "நீ பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தேடினார்கள், பிறகு இருவரும் சேர்ந்தே வந்த வழியில் திரும்பி நடந்தார்கள். மகனைக் கண்டதும் மரியா பேசுகிறபோதுகூட உன் தந்தையும் நானும் என்று இருவரின் துயரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார். பிள்ளையின் மதிப்பெண் அட்டை வந்த அன்று நம் வீடுகளில் எழும் பேச்சை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மாவைச் சொல்வார், அம்மா டீச்சரைச் சொல்வார், டீச்சர் கைப்பேசியைச் சொல்வார். பிள்ளை நடுவில் நிற்பான்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிற இன்னொரு கேள்வி இருக்கிறது. மூன்று நாள் கழித்துத்தான் இயேசுவைக் கண்டார்கள். போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கிறார், கேள்வியும் எழுப்புகிறார். அவருடைய அறிவுத்திறனைக் கண்டு எல்லாரும் வியக்கிறார்கள். இத்தனை வியப்புக்கு நடுவில், "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை? சாப்பிட்டாயா? உன் அம்மா உன்னைத் தேடமாட்டாரா?" என்று ஒருவராவது கேட்டாரா? லூக்கா அதைச் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் கல்வி நிறுவனங்களை நடத்துகிற ஒரு திருச்சபையின் குருவாக நான் அந்த மௌனத்துக்கு முன்னால் நிற்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் அறிவைத்தான் நாம் பார்க்கிறோம், அவன் வீட்டைப் பார்ப்பதில்லை. படிக்காத பிள்ளையிடம் இரண்டையுமே பார்ப்பதில்லை.

திருச்சபை இதை நமக்குச் சொல்லாமல் விடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்கிறது. அந்தப் பொறுப்பை ஆற்றக் குடும்பத்துக்குச் சமூகம் முழுவதும் துணை நிற்கவேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. முதல் பாதியை நாம் பெற்றோரிடம் அடிக்கடி சொல்லிவிட்டோம். இரண்டாம் பாதியை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவில்லை.

கொங்கு மண்ணுக்கு இது தெரியாத பாடமும் அல்ல. பீளமேட்டில் 1924-இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயர் சர்வஜனா. எல்லா மக்களுக்கும் என்று பொருள். இரண்டு ஆண்டு கழித்து, 1926-இல், பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பம் ஓர் அறக்கட்டளை அமைத்தது. பிள்ளைகள் நால்வர். சொத்தை நாலாகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. ஊர்ப் பிள்ளைகளை ஐந்தாவது மகனாக எண்ணி வீட்டுக் கணக்கில் சேர்த்த மனதை நினைத்துப் பாருங்கள். இன்று அந்தக் குடும்பத்தின் பெயரில் இந்த நகரத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் படிக்காத சாதி இல்லை, மதம் இல்லை.

பணம் உள்ளவர்களால் முடியும் என்று சொல்வீர்கள். ராஜ வீதியில் பெண் பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறதே, அதன் பெயர்ப் பலகையைப் படித்திருக்கிறீர்களா? துணி வணிகர் சங்கம் என்று இருக்கும். அரசுப் பள்ளியின் பெயரில் ஜவுளிக் கடைக்காரர்கள். கிராமங்களும் பின்தங்கவில்லை. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கியது அது. மேடையில் பேசியவர்கள் அமைச்சர்களாக இருக்கலாம். கொடுத்தவர்கள் கிராமத்தார்: ஒருவர் கரும்பலகை, ஒருவர் பெஞ்சு, ஒருவர் கூரைக்கு ஓடு, முடிந்தவர் நிலம். மதிய உணவும் முதலில் மக்கள் கொடுத்த தானியத்திலும் காசிலும்தான் பல ஊர்களில் வெந்தது. பள்ளிக்கூடம் சர்க்காருடையது என்ற எண்ணம் அப்போது அந்த ஊர்களுக்கு இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் என்றுதான் பேசினார்கள்.

பள்ளிக்கூடத்தை நம்முடையதாக எண்ண இன்று சட்டமே இடம் தருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள், 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவராக இருப்பவர் தலைமையாசிரியர் அல்ல, ஒரு பெற்றோர். வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அம்மா அந்த நாற்காலியில் உட்காரலாம். உங்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று கையைத் தூக்கச் சொல்லமாட்டேன். போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கூட்டம் வேலை நேரத்தில் நடக்கிறது. போனால் அரைநாள் கூலி போகும்.

ஆகவே நம் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் சகோதரிகளையும் குருக்களையும் முதலில் கேட்டுக்கொள்கிறேன், என்னையும் சேர்த்து. பெற்றோரை நாம் எப்போது கூப்பிடுகிறோம்? கட்டணம் பாக்கி இருக்கும்போது, மதிப்பெண் குறைந்தபோது, பையன் சண்டை போட்டபோது. பள்ளி வாசலில் காவலாளி நிறுத்தி, என்ன விஷயம் என்று கேட்கிறார். தலை குனிந்து உள்ளே வருகிற தாய் அங்கே எதைப் பேசுவார்? கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு வையுங்கள். குறை சொல்வதற்கு முன், பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்த பல விஷயங்கள் நம் பதிவேடுகளில் இல்லை.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ட்யூஷனுக்கும் வேனுக்கும் பணம் கட்டினால் கடமை முடிந்தது என்ற எண்ணம் டி.பி. ரோட்டுக் கடைவீதியைப்போல நம் மத்தியில் வளர்ந்துவிட்டது. வகுப்பு ஆசிரியரின் பெயர் தெரியாத வீடுகள் இந்தப் பங்கில் இருக்கின்றன. தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆசிரியருக்கும் ஒரு வீடு இருக்கிறது, வயதான மாமியார் இருக்கிறார், நாற்பது நோட்டுகள் திருத்த இருக்கின்றன. ஒரு நன்றி சொல்லவாவது போய் வாருங்கள்.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். ஆசிரியை அவனை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதைச் சில மாதங்களுக்கு நிறுத்தியிருக்கிறார். மாலையில் நம் பங்கு மண்டபத்தில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் திண்ணைகளிலும் கோவில் மண்டபங்களிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த உங்கள் தெருவின் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். பள்ளியிலிருந்து வரும் செய்தி இப்போது அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரம்மாவின் எண்ணுக்கு வருகிறது. அவர் நம் மதத்தவர் அல்ல, தானாகவே எண்ணைக் கொடுத்தார். பேக்கரிக்காரர் காலையில் அவன் கடையைத் தாண்டிப் போகும்போது மணியைப் பார்க்கிறார்.

எருசலேமிலிருந்து இயேசு தம் பெற்றோருடன் நாசரேத்துக்குப் போனார், அவர்களுக்குப் பணிந்து நடந்தார், கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வளர்ந்தார் என்று லூக்கா இப்பகுதியை முடிக்கிறார். அந்த மனிதர்கள் யார்? தச்சுப்பட்டறைக்கு மரம் கொண்டுவந்தவர், தொழுகைக்கூடத்தில் ஏட்டுச்சுருளைப் பிரித்துக் கொடுத்தவர், கிணற்றடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கத்து வீட்டம்மா. இறைமகனுக்கே அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

அந்த மண்டபத்தில் இப்போது ஒரு பையன் மட்டும் இல்லை, பதினொரு பேர் வருகிறார்கள். ஓர் ஆசிரியையால் முடியவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்திலிருந்து மாலை ஆறு முதல் ஏழரை வரை இன்னும் நாலைந்து பேர் வேண்டும். பெரிய படிப்பு வேண்டியதில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்து பொறுமையும் இருந்தால் போதும். பூசை முடிந்ததும் வாசலில் மாதா கெபிக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு இருக்கும். உங்களுக்கு எந்தக் கிழமை முடியுமோ அதற்கு நேரே பெயரை எழுதுங்கள். வர முடியாதவர்கள், உங்கள் தெருவில் பள்ளி நேரத்தில் வெளியே நிற்கும் பிள்ளை யாராவது இருந்தால் அடுத்த பக்கத்தில் தெருவின் பெயரை மட்டும் எழுதுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.